பெரிய சில்லும் குறைந்த காற்றும்

மோட்டார் வண்டியொன்றை விலைக்கு வாங்குபவர் முதலில் அதன் நிறத்தைப் பார்க்கிறார்; அடுத்து முகப்பைப் பார்க்கிறார்; மூன்றாவதாகச் சில்லுகளைப் பார்க்கிறார். நிறமும் முகப்பும் எளிதில் மாற்றத்தக்கவை அல்ல. சில்லை மாற்றுவதற்கோ ஒரு காலைப்பொழுது போதும். ஆகையாற்றான், வண்டி வீட்டுக்கு வந்து சில மாதங்கள் செல்லுமுன்னரே, “இதிலும் பெரிய சில்லுப் பூட்டினால் எவ்வளவு எடுப்பாக இருக்கும்!” என்னும் ஆசை பலருக்கு உண்டாகின்றது. அந்த ஆசை தவறானதன்று. ஆனால் அதற்கொரு விலையுண்டு. கடைக்காரர் எழுதித் தரும் சிட்டையில் அவ்விலையின் ஒரு பகுதிதான் காணப்படும். எஞ்சிய பகுதியை வண்டியும், வண்டியில் இருப்போரும், சில வேளைகளில் வீதியில் எதிரே வருவோரும் செலுத்த நேரிடுகின்றது. அந்த எஞ்சிய பகுதி யாது என்பதே இங்கு ஆராயப்படும் விஷயம்.

இந்த ஆசை மிகுதியாகத் தோன்றுவது ஒருவகை வண்டியைப் பொறுத்தேயாகும். ஜீப் வண்டியின் உயரமும் சொகுசுக் காரின் மென்மையும் ஒருங்கே பொருந்திய சிறிய உல்லாச வண்டிகளை இன்று உலகெங்கும் காண்கிறோம். எஸ். யு. வி. என்னும் மூன்றெழுத்துப் பெயரால் அவை வழங்குகின்றன. அவற்றுள் ஒன்றை உதாரணமாக எடுத்துக்கொண்டால் விஷயம் தெளிவாகும். ஜேர்மனியின் பி. எம். டபிள்யூ. தொழிற்சாலையார் எக்ஸ் 1 என்னும் பெயரில் ஒரு வண்டியைச் செய்து வருகின்றனர். அதன் இரண்டாந் தலைமுறை 2015ஆம் ஆண்டு முதல் 2022ஆம் ஆண்டு வரை தயாரிக்கப்பட்டது. தொழிற்சாலையின் குறியீட்டில் அதன் பெயர் எஃப் 48. இலங்கை வீதிகளிலும் அவ்வண்டி ஓடுவதுண்டு. அதற்கெனத் தொழிற்சாலையாரே 17 அங்குலம், 18 அங்குலம், 19 அங்குலம் என்ற மூவகைச் சில்லுகளை வழங்கினர். ஆகவே, சிறியது பெரியதாகும்போது நிகழும் மாற்றங்களை ஒரே வண்டியில் வைத்து ஒப்புநோக்க இஃது ஏற்றதாகும்.

ரயரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் எழுத்துக்களைப் படிக்கக் கற்றுக்கொள்வதே முதற்படி. மேற்படி வண்டியின் 17 அங்குலச் சில்லுக்குரிய ரயரில் 225/55 ஆர் 17 என்று காணப்படும். முதலாம் இலக்கம் ரயரின் அகலம். அது 225 மில்லிமீற்றர். இரண்டாம் இலக்கம் ரயரின் பக்கச் சுவரின் உயரம், அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு என்பதைச் சொல்கின்றது. 225இல் நூற்றுக்கு 55 பங்கு ஏறக்குறைய 124 மில்லிமீற்றர் ஆகும். ஆர் என்னும் எழுத்து, ரேடியல் என்னும் அமைப்பைக் குறிக்கும். ரயரின் உள்ளே பொதிந்த நூல்வரிகள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேர்குறுக்காக ஓடும் அமைப்பு இது. பிரான்ஸ் தேசத்து மிஷலின் நிறுவனத்தார் 1946ஆம் ஆண்டில் இதற்கு உரிமம் பெற்றனர். ஈற்றில் நிற்கும் 17, ரயர் அமரும் உலோகச் சில்லின் விட்டத்தை அங்குலத்திற் கூறுகின்றது. அகலத்தை மில்லிமீற்றரிலும் விட்டத்தை அங்குலத்திலும் கூறும் இக்கலப்பு முறை விநோதமாகத் தோன்றலாம். ஆயினும் உலகம் முழுவதும் அதுவே வழக்காகிவிட்டது.

இனி, ரயர் என்பது எதற்காக ஏற்பட்டது என்பதைச் சற்றுச் சிந்தித்தல் வேண்டும். வண்டியின் பாரத்தைத் தாங்குவது யாது என்று கேட்டால், ரப்பர் என்று பலரும் விடை சொல்வர். உண்மையில் பாரத்தின் பெரும்பங்கைத் தாங்குவது உள்ளே அடைபட்டிருக்கும் காற்று. ரப்பரும் நூலும் உருக்குக் கம்பியும் அக்காற்றை வெளியே விடாமற் காக்கும் பைபோன்றவை. காற்று வெளியேறிய ரயர் கணப்பொழுதில் தட்டையாகிவிடுவதே இதற்குச் சான்று. ஸ்கொட்லாந்துக்காரரான ரொபேட் வில்லியம் தொம்சன் 1845ஆம் ஆண்டிலேயே காற்றடைத்த சில்லுக்கு உரிமம் பெற்றார். குதிரை வண்டிகளே ஓடிய அக்காலத்தில் அதன் அருமையை உலகம் உணரவில்லை. பின்னர், பெல்பாஸ்ற் நகரில் மிருக வைத்தியராயிருந்த ஜோன் பொய்ட் டன்லொப் என்பவர், தம் சிறு மகன் ஓட்டிய முச்சக்கர சைக்கிளின் குலுக்கத்தைப் போக்க எண்ணி, காற்றடைத்த ரப்பர்க் குழாயை அதன் சில்லுகளிற் சுற்றினார். 1888ஆம் ஆண்டில் உரிமமும் பெற்றார். 1895ஆம் ஆண்டில் மிஷலின் சகோதரர்கள் பாரிஸ் நகரிலிருந்து போர்தோ நகருக்குச் சென்று மீளும் ஓட்டப்போட்டியில் காற்று ரயர் பூட்டிய மோட்டார் வண்டியை ஓட்டிக் காட்டினர். இவ்வரலாற்றில் இலங்கைக்கும் ஓரிடம் உண்டு. பிறேசில் நாட்டு ரப்பர் விதைகளிலிருந்து லண்டன் கியூ பூங்காவில் முளைத்த கன்றுகள் 1876ஆம் ஆண்டில் கம்பகாவை அடுத்த ஹெனரத்கொடைத் தாவரப் பூங்காவிலே நடப்பட்டன. இவ்வளவு பேர் உழைத்து வண்டிக்கும் வீதிக்கும் இடையிற் கொண்டுவந்து சேர்த்தது ஒரு மெல்லிய காற்று மெத்தையையே. பெரிய சில்லுப் பூட்டுபவர் கைவைப்பது அந்த மெத்தையில்தான்.

எவ்வாறெனில், சில்லின் விட்டத்தைப் பெருக்கும்போது ரயரின் வெளிவிட்டத்தைப் பெருக்காமல் இருத்தல் வேண்டும் என்பது விதி. வேகமானியும், தூரமானியும், பிரேக் பிடிக்கும்போது சில்லு இறுகி வழுக்காமற் காக்கும் கருவியும் சில்லின் சுழற்சியை எண்ணியே கணக்கிடுகின்றன. ஒரு சுற்றில் வண்டி எவ்வளவு தூரம் செல்லும் என்பது வெளிவிட்டத்தைப் பொறுத்தது. ஆகவே வெளிவிட்டத்தை மாற்றாது உலோகத்தைப் பெரிதாக்க வேண்டுமாயின், ரப்பர்ச் சுவரின் உயரத்தைக் குறைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

தொழிற்சாலையாரின் மூன்று அளவுகளையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். 225/55 ஆர் 17 என்னும் ரயரின் வெளிவிட்டம் ஏறக்குறைய 679 மில்லிமீற்றர். 225/50 ஆர் 18 என்பதன் வெளிவிட்டம் 682. 225/45 ஆர் 19 என்பதன் வெளிவிட்டம் 685. மூன்றுக்குமிடையே நூற்றுக்கு ஒரு பங்கு வேற்றுமைகூட இல்லை. ஆனால் பக்கச் சுவரின் உயரமோ 124 மில்லிமீற்றரிலிருந்து 112ஆகி, பின்னர் 101ஆகக் குறைகின்றது. கடைகளில் 20 அங்குலச் சில்லையும் சிலர் நாடுவர். அதற்கு 245/35 ஆர் 20 என்னும் ரயரைப் பூட்டினால் வெளிவிட்டம் மீண்டும் 679 மில்லிமீற்றராகவே அமையும். சுவரின் உயரமோ 86 மில்லிமீற்றராகிவிடும். 17 அங்குலச் சில்லில் இருந்த காற்று மெத்தையின் உயரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மறைந்துபோகின்றது. விலை கொடுத்து வாங்கியது உலோகம்; விட்டுக்கொடுத்தது காற்று.

காற்றுக் குறைந்தால் பாரம் தாங்கும் வலிமையும் குறையும். ரயரின் அளவுக்குப் பின்னால் 97 டபிள்யூ என்பதுபோல் ஓர் இலக்கமும் ஓர் எழுத்தும் காணப்படும். பலர் இதனைக் கவனிப்பதே இல்லை. இலக்கம் அந்த ஒரு ரயர் தாங்கக்கூடிய உச்ச பாரத்தின் குறியீடு. எழுத்து அது தாங்கும் உச்ச வேகத்தின் குறியீடு. எச் என்றால் மணிக்கு 210 கிலோமீற்றர்; வி என்றால் 240; டபிள்யூ என்றால் 270. பாரக் குறியீட்டில் 97 என்பது 730 கிலோகிராம். 95 என்பது 690. 92 என்பது 630. சாதாரண அமைப்பிற் செய்யப்பட்ட 225/55 ஆர் 17 ரயருக்கு 97ம், 225/50 ஆர் 18 ரயருக்கு 95ம், 225/45 ஆர் 19 ரயருக்கு 92ம் உரிய குறியீடுகளாகும். அதாவது, சில்லு இரண்டு அங்குலம் பெருத்தபோது ஒவ்வொரு ரயரின் வலிமையிலும் 100 கிலோகிராம் குறைந்துவிட்டது. இக்குறையை ஈடுசெய்வதற்காக உறுதி கூட்டிய அமைப்பு ஒன்று உண்டு. எக்ஸ். எல். என்னும் எழுத்துக்கள் அதற்கு அடையாளம். அத்தகைய 19 அங்குல ரயர் 96 என்னும் குறியீட்டைப் பெற்று 710 கிலோகிராம் வரை தாங்கும். ஆனால் அவ்வலிமை அதிக காற்றழுத்தத்தினால் வருவது. அழுத்தம் குறைந்தால் வலிமையும் குறைந்துபோகும். ஆதலால் தாழ்ந்த சுவருடைய ரயரைப் பூட்டியவர் காற்றழுத்தத்தை அடிக்கடி அளந்து பார்க்கக் கடமைப்பட்டவர்.

இவ்விடத்திலே ஒரு குடும்பஸ்தரை மனக்கண்ணிற் காண்போம். மியூனிக் நகரில் வாழும் அவர் விடுமுறைக்காகத் தம் மனைவியையும் மூன்று பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு, பின்னறை நிறையப் பெட்டிகளை அடுக்கி, நீண்ட பிரயாணம் ஒன்றைத் தொடங்குகிறார். வெறுமையாக நிற்கும்போது ஒன்றரைத் தொன்னுக்கு மேற்பட்ட அவ்வண்டி இப்போது ஏறக்குறைய இரண்டு தொன். ஜேர்மனியின் அதிவேக வீதிகளிற் பல பகுதிகளுக்குப் பொதுவான வேக எல்லை கிடையாது. கோடை வெப்பத்தில், முழுப் பாரத்துடன், பெருவேகத்துடன் மணிக்கணக்காக ஓடும்போது ரயரின் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடிந்து நிமிர்கின்றது. மடிந்து நிமிரும் ரப்பர் சூடேறும். பாரக் குறியீடு குறைவாகவோ, காற்றழுத்தம் குறைவாகவோ இருந்தால் மடிப்பும் மிகும், சூடும் மிகும். ஒரு கட்டத்தில் ரப்பரும் நூலும் ஒன்றையொன்று விட்டுப் பிரியும். ரயர் வெடித்தது என்று மறுநாட் பத்திரிகை சொல்லும். அது வெடித்தது அந்தக் கணத்தில். வெடிப்பதற்கான காரணம் விதைக்கப்பட்டதோ அதனை வாங்கிய நாளில். வண்டியின் கதவருகே ஒட்டப்பட்டுள்ள தகட்டில் ஒவ்வோர் அச்சும் தாங்கக்கூடிய உச்ச பாரம் குறிக்கப்பட்டிருக்கும். அதனை இரண்டால் வகுத்து, வரும் தொகையை ரயரின் பாரக் குறியீட்டுடன் ஒப்பிடுவது ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் செய்யக்கூடிய கணக்கு. அச்சின் உச்ச பாரம் 1,200 கிலோகிராம் என்று வைத்துக்கொண்டால், அந்த அச்சிலுள்ள ஒவ்வொரு ரயரும் குறைந்தது 600 கிலோகிராம் தாங்கவேண்டும். தொழிற்சாலையார் வேறோர் உயர்ந்த குறியீட்டை விதித்திருந்தால் அதுவே எல்லை.

பெரிய சில்லினால் நன்மையே இல்லையா என்று கேட்கலாம். உண்டு, அதனை மறைப்பது நேர்மையாகாது. சில்லு பெரிதானால் அதனுள்ளே பெரிய பிரேக் தட்டுக்களை வைக்க இடமுண்டாகும். வேகமான வண்டிகளுக்குப் பெரிய சில்லு வந்ததற்கு இதுவும் ஒரு முக்கிய காரணம். அன்றியும், தாழ்ந்த சுவர் குறைவாகவே வளையும். ஸ்ரியரிங்கைத் திருப்பியவுடன் வண்டி தாமதமின்றித் திரும்பும். வளைவுகளில் உடல் அசையாது நிற்கும். வண்டி ஓட்டுவதையே ஒரு கலையாகக் கருதுவோருக்கு இஃது ஒரு பெரிய இன்பம். தோற்றத்தின் கவர்ச்சியைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அதே வண்டியில், அதே பிரேக்கை வைத்துக்கொண்டு சில்லை மட்டும் பெரிதாக்குபவருக்கு முதலாம் நன்மை கிடைப்பதில்லை. அவர் பெறுவது பின்னைய இரண்டுமே.

நட்டமோ பலவகைப்படும். முதலாவது குலுக்கம். வீதியின் சிறு பள்ளத்தை முன்பு காற்று விழுங்கிக்கொண்டது. இப்போது அது இருக்கைக்கு வந்து சேரும். இரண்டாவது சேதம். கூர்மையான விளிம்புள்ள பள்ளத்தில் சில்லு விழும்போது, தாழ்ந்த சுவர் முற்றாக நசுங்கி, உலோக விளிம்பு வீதியில் மோதும். விளிம்பு வளையலாம், வெடிக்கலாம். சுவரின் உள்ளேயிருக்கும் நூல்கள் அறுந்து, வெளியே கொப்புளம்போல் வீங்கலாம். அப்படி வீங்கிய ரயரைத் திருத்த இயலாது. உடனே கழற்றிவிடல் வேண்டும். மூன்றாவது எடை. பெரிய சில்லு பெரும்பாலும் எடையும் கூடியது. ஸ்பிரிங்குக்கு மேலேயுள்ள எடையை ஸ்பிரிங் தாங்கும். கீழேயுள்ள சில்லின் எடையோ ஒவ்வொரு மேட்டிலும் தானே எழுந்து விழும். மேலும், எடை மையத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறதோ அவ்வளவுக்கு அதனைச் சுழற்றுவதும் நிறுத்துவதும் கடினம். ஆகையால் வண்டி புறப்படுவதில் மந்தமும், எரிபொருட் செலவும் சற்றுக் கூடும். ஐரோப்பாவில் 2017ஆம் ஆண்டு முதல் நடைமுறைக்கு வந்த புதிய சோதனை முறையில், வாங்குபவர் தெரிந்தெடுக்கும் சில்லும் ரயரும்கூட எரிபொருட் கணக்கிற் சேர்க்கப்படுகின்றன என்பது கவனிக்கத்தக்கது.

நான்காவது நட்டம் மழைநாளிலே தெரியவரும். வண்டியின் எடை முழுவதும் வீதியைத் தொடுவது நான்கு சிறிய இடங்களில்தான். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு தபாலட்டை அளவினதே. அகன்ற ரயரில் அவ்விடம் அகலமாகவும் நீளங் குறைந்ததாகவும் அமைகின்றது. காய்ந்த வீதியில் இதனாற் பிடிப்பு நன்றாகவே இருக்கும். வீதியில் நீர் தேங்கி நிற்கும்போதோ, அகன்ற முகம் தனக்கு முன்னாலுள்ள கூடுதலான நீரை அப்புறப்படுத்த வேண்டியதாகிறது. வேகம் மிகுந்தால் நீர் விலக நேரமின்றி, ரயர் நீரின்மேல் ஏறி மிதக்கத் தொடங்கும். அப்போது ஸ்ரியரிங்கும் பயன்படாது, பிரேக்கும் பயன்படாது. ஜேர்மனியின் அதிவேக வீதிக்கும் இலங்கையின் தெற்கு அதிவேக வீதிக்கும் இவ்விதி பொதுவானது. 225 மில்லிமீற்றரிலிருந்து 245 மில்லிமீற்றருக்குச் செல்பவர், ரயரின் பள்ளக்கோடுகள் தேய்வதை முன்னிலும் கவனமாகப் பார்த்துவரல் வேண்டும்.

இவையாவும் சரியான அளவில் மாற்றும்போது உண்டாகும் விளைவுகள். பிழையான அளவில் மாற்றினால் என்ன நிகழும்? 19 அங்குலச் சில்லை வாங்கிய ஒருவர், பழைய 55 என்னும் விகிதத்தையே வைத்துக்கொண்டு 225/55 ஆர் 19 ரயரைப் பூட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அத்தகைய ரயர் கடையிற் கிடைப்பதே. வேறு வண்டிகளுக்கென ஏற்பட்டது. அதன் வெளிவிட்டம் 730 மில்லிமீற்றர். பழையதிலும் நூற்றுக்கு ஏழரைப் பங்கு பெரிது. வேகமானி 100 என்று காட்டும்போது வண்டி உண்மையில் 107க்கு மேலே ஓடிக்கொண்டிருக்கும். வேகமானி உண்மை வேகத்திலும் குறைவாகக் காட்டலாகாது என்பது ஐக்கிய நாடுகளின் ஐரோப்பிய ஆணைக்குழு வகுத்த வாகன விதி. பிரேக்கை அதே பலத்துடன் மிதித்தாலும், பெரிய சில்லின் விளிம்பில் அப்பலம் குறைந்தே விளங்கும். நீண்ட தடியின் நுனியிற் கட்டிய பாரத்தைத் தாங்குவது கடினமாவதுபோலத்தான். ஸ்ரியரிங்கை முற்றாகத் திருப்பும்போதோ, பள்ளத்தில் ஸ்பிரிங் அமுங்கும்போதோ ரயர் மட்காட்டின் உட்புறத்தில் உராயும். நான்கு சில்லுகளுக்கும் இயந்திர பலம் செல்லும் வண்டியாயின், முன்னும் பின்னும் ரயர்களின் சுற்றளவு ஒன்றாக இல்லாவிடில் இடையிலுள்ள பொறிகள் ஓய்வின்றி உழைத்துத் தேய்ந்துபோகும். விரலுக்குத் தகுந்த வீக்கம் என்று நம் முன்னோர் சொன்னது மோட்டார் வண்டிக்கும் பொருந்துகின்றது.

வெளிவிட்டம் பொருந்தினாலும் சில்லு பொருந்தாமற் போகலாம். இதற்கு மேற்படி வண்டியின் வரலாறே ஓர் எடுத்துக்காட்டு. 2009 முதல் 2015 வரை வந்த முதலாந் தலைமுறை எக்ஸ் 1 வண்டியிற் சில்லைப் பூட்டும் ஐந்து போல்ற்றுக்களும் 120 மில்லிமீற்றர் விட்டமுள்ள வட்டத்தில் அமைந்திருந்தன. இரண்டாந் தலைமுறையில் அவ்வட்டம் 112 மில்லிமீற்றராகியது. நடுத்துவாரமும் ஏறக்குறைய 72.5 மில்லிமீற்றரிலிருந்து 66.5 மில்லிமீற்றராகச் சுருங்கிற்று. பெயர் ஒன்று, தொழிற்சாலை ஒன்று, ஆயினும் ஒன்றின் சில்லு மற்றொன்றுக்குப் பொருந்தாது. பழைய வண்டியின் அழகிய சில்லுகள் மலிவாகக் கிடைக்கின்றன என்று வாங்கி ஏமாறுவோர் இதனை அறிந்திருத்தல் நன்று. நடுத்துவாரம் சற்றுப் பெரிதாக இருந்தால் இடையில் வளையமொன்றை இட்டுப் பொருத்துவதுண்டு. போல்ற் வட்டம் வேறுபட்டால் எவ்வகையாலும் வலிந்து பூட்டலாகாது.

மற்றொரு நுட்பமான அளவும் உண்டு. சில்லின் அகலத்துக்கு நடுவே ஒரு கோடு கீறினால், அச்சில் முட்டும் முகம் அக்கோட்டிலிருந்து எவ்வளவு வெளிப்புறமாக இருக்கிறது என்பதே அவ்வளவு. ஈ. டி. என்னும் எழுத்துக்களுடன் அது சில்லின் உட்புறத்திற் பொறிக்கப்பட்டிருக்கும். அகலம் மாறாமல் இவ்வளவு 50இலிருந்து 40 ஆகக் குறைந்தால், முழுச் சில்லும் 10 மில்லிமீற்றர் வெளியே தள்ளி நிற்கும். இவ்வளவு மாறாமல் அகலம் ஓர் அங்குலம் கூடினால், உள்ளும் புறமும் ஏறக்குறைய 13 மில்லிமீற்றர் விரியும். வெளியே விரிந்தால் மட்காட்டில் முட்டும். உள்ளே விரிந்தால் அதிர்வு தாங்கியில் முட்டும். முட்டாவிடினும், சில்லு வெளியே தள்ளி நிற்கும்போது அச்சின் போல்பெயரிங்குகள் தாங்கவேண்டிய நெம்புவிசை மிகுந்து அவை விரைவிலே தேய்வடையும்.

இத்தகைய காரணங்களாற்றான் ஜேர்மனி தேசத்தில் சில்லு மாற்றுவது தனிமனிதரின் விருப்பத்துக்கு மட்டும் விடப்படவில்லை. 1865ஆம் ஆண்டில் மன்ஹைம் நகரத்து மதுவடிசாலை ஒன்றில் நீராவிக் கொதிகலன் வெடித்தது. அடுத்த ஆண்டில் அந்நகரத்துத் தொழிலதிபர்கள் கொதிகலன்களைப் பரிசோதிக்கச் சங்கமொன்றை நிறுவினர். அவ்வழியில் வந்தவையே இன்று டூஃப் என்று வழங்கும் பரிசோதனை நிறுவனங்கள். சொந்தக் கார் வைத்திருப்போர் புதிய வண்டியை மூன்றாண்டிலும், அதன்பின் இரண்டாண்டுக்கொரு முறையும் பரிசோதனைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும். வண்டியோடு வரும் பொருத்தச் சான்றிதழில் அனுமதிக்கப்பட்ட ரயர் அளவுகள் யாவும் குறிக்கப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்றைப் பூட்டுபவருக்குத் தொல்லை இல்லை. வேறு அளவைப் பூட்ட விரும்புபவர், அந்தச் சில்லு அந்த வண்டிக்கு உகந்ததென அரசாங்க அனுமதி பெற்ற பத்திரத்தைச் சில்லு செய்தவரிடமிருந்து பெறவேண்டும். இல்லையேல் பரிசோதகரிடம் வண்டியைக் காட்டி அனுமதி பெறவேண்டும். ஆபத்து விளையக்கூடிய மாற்றத்தை அனுமதியின்றிச் செய்தவரின் வண்டி, வீதியில் ஓடும் உரிமையையே இழந்துவிடுகின்றது. கொதிகலன் வெடித்தபின் கற்ற பாடத்தை, ரயர் வெடிக்குமுன் பயன்படுத்துவதே இச்சட்டத்தின் நோக்கம்.

அந்நாட்டு வழக்கமொன்றும் சிந்திக்கத்தக்கது. உறைபனி வீதியில் ஓடும் வண்டிக்கு அதற்கெனச் செய்த ரயர் கட்டாயம். ஆகவே பலர் இரண்டு தொகுதிச் சில்லுகளை வைத்திருக்கின்றனர். கோடைக்கு 19 அங்குலம் பூட்டுபவரிற் பலர், மாரிக்கு 17 அங்குலத்தைப் பூட்டுகின்றனர். பனியும் பள்ளமும் நிறைந்த காலத்தில் அவர்கள் நாடுவது உயர்ந்த சுவரையும் மிகுந்த காற்றையுமே. இங்கே ஒரு முரண்பாடும் தோன்றுகின்றது. உயரமான இவ்வகை வண்டி, கரடுமுரடான பாதையிற் செல்லும் வண்டியின் தோற்றத்தைத் தாங்கி வருவது. அதற்குத் தாழ்ந்த சுவருடைய பெரிய சில்லைப் பூட்டியதும் கரடுமுரடான பாதைக்கு அது முன்னிலும் தகுதியற்றதாகின்றது.

இவ்வளவும் அறிந்த பின்னரும் ஒருவர் பெரிய சில்லையே விரும்புவாராயின், அவர் செய்யத்தக்கது யாது? தொழிற்சாலையார் அனுமதித்த அளவுகளுள் ஒன்றைத் தெரிதல் முதலாவது. 17இலிருந்து 18 அங்குலத்துக்குச் செல்வது நடுவழி. தோற்றம் கூடும், மெத்தையிற் பெரும்பகுதி மிஞ்சும். அடுத்து, பாரக் குறியீடும் வேகக் குறியீடும் வண்டிக்கு விதிக்கப்பட்டவற்றிற் குறையாதிருத்தல் வேண்டும். பி. எம். டபிள்யூ. வண்டிகள் பலவற்றுக்குக் காற்றுப் போனபின்னும் சிறிது தூரம் ஓடக்கூடிய தடித்த சுவருள்ள ரயர்கள் பூட்டப்பட்டிருக்கும். அவை மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்தில் ஏறக்குறைய 80 கிலோமீற்றர் தூரம் செல்லவல்லவை. அவ்வண்டிகள் பலவற்றில் உதிரிச் சில்லு இல்லை. சாதாரண ரயருக்கு மாறுபவர், துளை அடைக்கும் பசையையும் சிறு காற்றுப் பம்பியையும் வண்டியில் வைத்திருத்தல் அவசியம். காற்றழுத்தத்தை அறிவிக்கும் கருவியையும் புதிய சில்லுக்கேற்பச் சீராக்குதல் வேண்டும்.

பூட்டும்போது அச்சின் முகத்திலுள்ள துருவைத் துடைத்து, போல்ற்றுக்களை எதிரெதிராக மாறி மாறி இறுக்கி, குறித்த அளவு பலத்தைக் காட்டும் சாவியாலேயே முடித்தல் வேண்டும். கூம்பு வடிவான தலையும் உருண்டைத் தலையும் ஒன்றுக்கொன்று மாற்றாகா. சில்லுக்குரிய போல்ற்றே வேண்டும். பின்னர் முழுப் பாரம் ஏற்றி, ஸ்ரியரிங்கை இருபுறமும் முற்றாகத் திருப்பி, எங்கேனும் உராய்கிறதா என்று பார்த்தல் வேண்டும். ஐம்பது, நூறு கிலோமீற்றர் ஓடியபின் போல்ற்றுக்களை மீண்டும் ஒருமுறை சோதித்தல் வேண்டும். கழற்றிய பழைய சில்லுகளை உடனே விற்றுவிடாதிருத்தலும் விவேகம்.

அழகை விரும்புவது மனித இயல்பு. வண்டியை அலங்கரிப்பதில் குற்றமொன்றுமில்லை. ஆனால் ரயர் அலங்காரப் பொருள்களுள் ஒன்றன்று. வண்டியின் ஏனைய உறுப்புக்கள் எவ்வளவு சிறந்தவையாயினும், வீதியைத் தொடுவது அது ஒன்றே. பெரிய சில்லைத் தெரிபவர் காற்றில் எவ்வளவு குறைகின்றது, பாரத்தில் எவ்வளவு குறைகின்றது என்பதைக் காகிதத்தில் எழுதிப் பார்த்துவிட்டு, அதன்பின் பணத்தை எண்ணிக் கொடுப்பாராக.